ஹைதராபாத்தின் மருந்துப் பேட்டை

ஹைதராபாத் என்றதும் சார்மினாரையும் கோல்கொண்டாக் கோட்டையையும் நினைப்பது நம் இயல்பு. பிழைப்பு நாடி அந்நகர் சென்ற தமிழரிற் பலர் முதலில் அறிந்தவையோ பாலாநகர், சனத்நகர், ராமச்சந்திராபுரம் ஆகிய இடங்களின் ஆலை வாயில்களே. நகரின் வடமேற்கிலுள்ள இப்பகுதியைக் குறித்துச் சிறிது கூற விழைகிறோம்.

நிஜாம் ஆட்சியிலேயே இந்நகரில் ஆலைத்தொழில் வேரூன்றிவிட்டது. ஆல்வின் நிறுவனம் 1942லும், பிராகா டூல்ஸ் 1943லும் தோன்றின. விடுதலைக்குப் பின் அரசாங்கமே பெருந்தொழிற்சாலைகளை நிறுவலாயிற்று. ராமச்சந்திராபுரத்தின் கனரக மின்கருவித் தொழிற்சாலைக்குச் செக்கோஸ்லோவாகியா உதவியது. பாலாநகரையடுத்த மருந்துத் தொழிற்சாலைக்குச் சோவியத் யூனியன் துணைநின்றது.

ஐ.டி.பி.எல். எனப்படும் அம்மருந்து நிறுவனம் 1961இல் பிறந்தது. ரிஷிகேசத்தில் ஆன்டிபயாடிக் மருந்துகள், நம் சென்னை நந்தம்பாக்கத்தில் அறுவைச் சிகிச்சைக் கருவிகள், ஹைதராபாத்தில் இரசாயன முறையில் ஆக்கப்படும் மருந்துகள் என்று பணி பகுக்கப்பட்டது. மாத்திரையாக அழுத்துவது எளிது. அதனுள் நோய் தீர்க்கும் மூலப்பொருளை ஆக்குவதே அரிது. பல இரசாயனங்களைப் படிப்படியாக வினைபுரியச் செய்து, வடித்து, உலர்த்திப் பெறும் தூள் அது. அந்நாளில் அதற்குப் பெரிதும் அயல்நாட்டையே நம்பியிருந்தோம்.

ருஷ்யாவின் யூரல் மலைப்பகுதியில் மாக்னிதோகோர்ஸ்க் என்றோர் எஃகு நகரம் உண்டு. அங்கே ஆலைக்காகவே ஊர் எழுந்தது. ஐ.டி.பி.எல். ஆலையை ஒட்டியும் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று அமைந்தது. ஆயினும் ஹைதராபாத்தின் கதை வேறு திசையிற் சென்றது. 1972இல் நடைமுறைக்கு வந்த காப்புரிமைச் சட்டம், மருந்துக்கன்றி அதனைச் செய்யும் முறைக்கே உரிமை வழங்கியது. வேறு முறை கண்டவர் அதே மருந்தை ஆக்கலாம் என்றாயிற்று. அரசு ஆலையில் தொழில் பயின்றோர் வெளியேறித் தாமே ஆலை தொடங்கினர். அங்கே பணியாற்றிய அஞ்சி ரெட்டி 1984இல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கியது யாவரும் அறிந்ததே. தாய் நிறுவனமோ 1992இல் நலிவுற்றதாக அறிவிக்கப்பட்டது; பின்னர் உற்பத்தியும் நின்றது. ஆலையை நம்பிக் குடியேறிய குடும்பங்களுக்கு, அங்கு கற்ற வித்தை ஊரெங்கும் தழைத்தது என்பது முழு ஆறுதலாகுமா என்பது ஐயமே.

இவ்வளர்ச்சிக்கு நீரும் நிலமும் விலை கொடுத்தன. ஜீடிமெட்லாவிலும் பட்டன்செருவிலும் ஆலைகள் பெருகின. பட்டன்செரு ஆலைகளின் கழிவு நக்கவாகு என்னும் ஓடையிற் கலந்து வயல்களையும் கிணறுகளையும் கெடுத்தது. 1990இல் வழக்கு உச்ச நீதிமன்றம் ஏறியது. 2007இல் வெளிவந்த ஸ்வீடன் ஆராய்ச்சி திடுக்கிடச் செய்வது. சுத்திகரித்து வெளிவிட்ட நீரில் சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் மருந்து, லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை காணப்பட்டது. மருந்துண்ட நோயாளியின் குருதியில் இருக்கும் அளவினும் அது மிகுதி. அத்தகைய நீரிலேயே வாழப் பழகும் கிருமிகள், நாளை அதே மருந்துக்கு அடங்க மறுக்கும். ஓடைக்கரைக் குடியானவரின் கிணற்றில் தொடங்கிய தொல்லை, அம்மாத்திரையை எங்கோ விழுங்கும் நோயாளியையும் இவ்வாறு எட்டுகிறது.