விசிறிச் சிப்பி

சிப்பி என்றவுடன் நமக்கு முத்தே நினைவுக்கு வரும். முத்துக்காக அன்றி, உள்ளிருக்கும் தசைக்காகவே தேடப்படும் சிப்பியினமும் உண்டு. அதனை ஆங்கிலத்தில் ஸ்காலப் என்பர். விரித்த விசிறி போன்ற வடிவினது ஆதலின், நாம் அதனை விசிறிச் சிப்பி எனலாம். பிற சிப்பிகள் பாறையைப் பற்றியும் மணலிற் புதைந்தும் கிடக்க, இஃதோ இரண்டு ஓடுகளையும் படபடவென்று மூடித் திறந்து, நீரைப் பீச்சி நீந்தவல்லது. ஓட்டின் விளிம்பையொட்டிச் சிறு மணிகளைப்போல் கண்கள் பல வரிசையாக அமைந்திருக்கும். ஓடுகளை இழுத்து மூடும் வெண்ணிறத் தசையையே அமெரிக்கர் விரும்பி உண்பர்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குக் கிழக்கே, ஜார்ஜஸ் திட்டு என்னும் ஆழங்குறைந்த கடற்பகுதி உள்ளது. முன்னாளில் திமிங்கில வேட்டைக்குப் பேர்பெற்ற நியூ பெட்போர்டு நகரத்துப் படகுகள் அங்குச் சென்று, இரும்பு வளையங்களாற் கோத்த கனத்த வலையைக் கடலடியில் இழுத்துச் சிப்பிகளை வாரும். படகுகள் பெருகின, சிப்பிகள் அருகின. 1990-களின் தொடக்கத்தில், முழு வளர்ச்சி பெறாத இளஞ்சிப்பிகளையே நம்பிப் பிழைக்கும் நிலை வந்துற்றது. மூன்றாண்டுச் சிப்பியை மேலும் இரண்டாண்டு விட்டுவைத்தால் அதன் தசை ஏறத்தாழ நான்கு மடங்காகும். மீனவர் இதனை அறியாதவரல்லர். எனினும், தாம் விட்டதை அடுத்த படகினர் அள்ளிச் செல்வரே என்று அஞ்சினர். ஊர்ப்பொது மாமரத்திற் பழத்தைக் கண்டவர் யார்? பிஞ்சிலேயே கல்லெறி விழுந்துவிடும்.

1994-ஆம் ஆண்டில் படகுகளின் உரிமத்துக்கு வரம்பு இடப்பட்டது. கடலில் இருக்கத்தக்க நாட்களும் அளவிடப்பட்டன. ஒரு படகில் எழுவர்க்குமேல் செல்லலாகாது என்பது மற்றொரு விதி. இவ்விதியின் நுட்பம் வியக்கத்தக்கது. தசையைப் படகிலேயே கையால் அறுத்தெடுத்தல் வேண்டும். எழுவர் சிறு சிப்பிகளை அறுத்துக்கொண்டிருந்தால் உழைப்புக்கு ஏற்ற ஊதியம் கிட்டாது. ஆகவே, அவர்கள் தாமே பெரியவற்றை நாடுவர்.

அவ்வாண்டு டிசம்பரில், காட் முதலிய மீன்களைக் காக்கும்பொருட்டு, ஏறத்தாழ 17,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மூன்று பகுதிகள் மூடப்பட்டன. சிப்பிப் படகுகளும் உள்ளே செல்லக்கூடாது என்றனர். கடன்பட்டுப் படகு வாங்கியவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! ஆனால், மீனுக்காக இட்ட வேலி சிப்பிக்குப் பயன்பட்டது. 1998-க்குள் அங்குச் சிப்பிகளின் மொத்த எடை 14 மடங்காயிற்று. பல்கலைக்கழக ஆய்வாளர் மீனவர் படகுகளிலேயே சென்று, கடலடியில் நிழற்படக் கருவியை இறக்கிச் சிப்பிகளை எண்ணினர். 1999-இல் ஒரு பகுதி திறக்கப்பட்டது.

2004 முதல், இளஞ்சிப்பிகள் செறிந்த இடத்தைச் சில ஆண்டுகள் மூடி, வளர்ந்தபின் திறக்கும் சுழற்சிமுறை நிலைபெற்றது. தரிசு விட்டுப் பயிரிடும் உழவரின் முறையே இது. வலையின் வளையமும் 4 அங்குலமாக அகற்றப்பட்டது. சிறியவை அதன்வழி நழுவிவிடும். அவ்வாண்டு 6 கோடி பவுண்டுக்கு மேற்பட்ட தசை கரைசேர்ந்தது.

2019-க்குப்பின் விளைவு மீண்டும் குறைந்துள்ளது. தென்பகுதியிற் கடல்நீர் வெப்பமாவது ஒரு காரணமாகலாம் என்று அறிஞர் கருதுகின்றனர். இளஞ்சிப்பிகள் தோன்றாத இடத்தை மூடிவைத்தும் பயனில்லை. ஆதலின், ஆண்டுதோறும் ஆய்வுக் கப்பல்கள் சென்று அவற்றை அளவிட்ட பின்னரே, எப்பகுதியைத் திறப்பது என்று முடிவு செய்கின்றனர்.