குடும்பத்தோடு பார்க்கத்தக்க சூனியக்காரிகள்

2024இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில், அக்டோபர் 31 அன்று வந்தன. மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுபோகிற மழைக்காலம். கிளியனூரில் எங்கள் வீட்டில் எல்லோரும் பலகாரம் தின்றுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தோம். சென்னையில் படிக்கிற அக்கா மகள் சொன்னாள்: "மாமா, இன்னிக்கு சூனியக்காரி படம் பாத்தே ஆகணும். அதான் வழக்கம்." யாருடைய வழக்கம் என்று நான் கேட்கவில்லை. 'ஹோகஸ் போகஸ்' படத்தை அம்மா, அக்கா, நான் என எல்லோருமாகப் பார்த்தோம். விழுந்து விழுந்து சிரித்தோம் என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். துடைப்பம் கிடைக்காத சூனியக்காரி தூசி உறிஞ்சும் எந்திரத்தின் மேல் ஏறிப் பறந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

அந்த வழக்கம் அப்படியொன்றும் பழையதல்ல. டிஸ்னி நிறுவனம் 1993 ஜூலையில் வெளியிட்ட இந்தப் படம் அப்போது சரியாக ஓடவில்லை. பிறகு ஆண்டுதோறும் அக்டோபரில் தொலைக்காட்சியில் போட்டுப் போட்டுத்தான் அது மரபானது. நம்ம வீடுகளில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேனல்காரன் எதைப் போடுகிறானோ அதுவே பண்டிகையின் பகுதியாகிவிடுவது போலத்தான். சந்தை மரபைத் தயாரிக்கும் என்பது நமக்குப் புதிய செய்தியல்ல. எனக்கு உறுத்தியது வேறு.

கதை நடக்கும் இடம் சேலம். நம்ம மாம்பழச் சேலம் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம். 1693இல் ஊரார் மூன்று சகோதரிகளைத் தூக்கில் போடுகிறார்கள். 300 ஆண்டு கழித்து ஒரு ஹாலோவீன் இரவில் அவர்கள் உயிர்த்தெழுந்து, குழந்தைகளின் உயிரை உறிஞ்சி இளமை பெறப் பார்க்கிறார்கள். அதாவது படத்தில் அவர்கள் நிஜமாகவே சூனியக்காரிகள். ஊர் செய்தது சரி. சரித்திரத்தில் நடந்தது என்ன? 1692இல் அதே சேலத்தில் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், அவர்களில் 14 பேர் பெண்கள். வழக்குக்கு ஒத்துவராத ஒரு கிழவரைக் கல்லேற்றி நசுக்கிக் கொன்றார்கள். அவர்களில் ஒருவர்கூடச் சூனியம் வைத்தவர் அல்ல. தண்டனை விதிக்கப்பட்டவர்களில் கடைசியாக எஞ்சியிருந்த ஒரு பெண்ணின் மீதான பழி 2022இல்தான் சட்டப்படி நீங்கியது. அதற்காக மெனக்கெட்டவர்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியையும். ஆக, கொன்றவர்களின் வாக்குமூலத்தையே உண்மையாக எடுத்துக்கொண்டு, அதன் மேல் பாட்டும் கூத்தும் ஏற்றிய பிரதி இது. குடும்பத்தோடு பார்க்கத்தக்கது என்பதற்குள் இதுவும் அடக்கம்.

நம்ம பேய்ப்படம் இந்த இடத்தில் நேர் எதிராக நிற்கிறது. இங்கே பேய் யார்? பெரும்பாலும் கொலையுண்டவள். 'சந்திரமுகி'யில் (2005) அரசன் எரித்துக் கொன்ற நடனக்காரி. 'காஞ்சனா'வில் (2011) நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை. முன்பாதியில் கோவை சரளா வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பார். பின்பாதியில் பேய் தன் வழக்கைச் சொல்லும், கூடத்தில் உட்கார்ந்திருக்கிற குடும்பம் மொத்தமும் அதன் பக்கம் சாய்ந்துவிடும். பேயைப் பார்த்துச் சிரிப்பதும் நமக்குப் புதிதல்ல. போர்க்களத்தில் கூழ் அட்டுத் தின்னும் பேய்களை வைத்துச் செயங்கொண்டார் என்றைக்கோ நகைச்சுவை பண்ணியிருக்கிறார். மேல்மலையனூர் மயானக் கொள்ளையில் காளி வேஷத்தைப் பார்த்து அலறுகிற பிள்ளை, அப்பன் தோளைவிட்டு இறங்கவும் மாட்டேன் என்கிறது.

இதில் நாம் ரொம்பவும் மகிழ்ந்துபோக வேண்டியதில்லை. சந்திரமுகிக்குக் கிடைத்த நியாயம் என்ன? ஆளுக்குப் பதில் பொம்மையை வைத்து எரிக்கச் சொல்லி ஏமாற்றி அனுப்புகிறார்கள். வீடு பழையபடி வீடாகிறது. அதோடு, நம்ம சினிமா செத்தவளைத்தான் நம்புகிறது.

உயிரோடு இருக்கிறவள் கதை வேறு. நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் தெருக்கோடியில் தனியாக ஒரு விதவைக் கிழவி இருந்தாள். உப்பு விளைகிற பருவத்தில் திடீர் மழை பெய்து பாத்தி கரைந்தால், அவள் கண்ணுதான் என்பார்கள். 'சூனியக்காரி' என்று கத்திவிட்டு ஓடுகிற பையன்களில் நானும் ஒருவன். அவள் ஒருநாளும் திருப்பித் திட்டியதில்லை. அதையே, உள்ளுக்குள்ளே மந்திரம் சொல்கிறாள் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டோம். பேசினால் சாபம், பேசாவிட்டால் மந்திரம். சேலத்து நீதிமன்றத்துச் சொல்லாடலும் ஏறக்குறைய இதேதான்.

வடக்கே இது கொலைவரை போகிறது. அதைத் தடுக்க பீகார் 1999இல் தனிச்சட்டம் போட்டது. பின்னர் ஜார்க்கண்ட், ஒடிசா, ராஜஸ்தான், அசாம் ஆகியவையும் போட்டன. குறிவைக்கப்படுகிறவர்களில் நிலம் வைத்திருக்கிற, ஆண்துணை இல்லாத பெண்கள் நிறைய என்பதைக் கவனிக்க வேண்டும். 1995இல் இப்படிப் பழிசுமத்தி ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட ஜார்க்கண்டின் சுட்னி தேவி, தன்னைப் போன்ற பெண்களை மீட்பதையே பிறகு வேலையாக்கிக்கொண்டார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவரைப் பற்றி அக்கா மகளிடம் சொன்னேன். "அத ஏன் மாமா யாரும் பண்டிகைக்குப் போடறதில்ல?" என்று கேட்டாள்.

அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே, தெருக்கோடிக் கிழவியின் பெயரைச் சொல்லி, அவள் பிரசவம் பார்த்துத்தான் நான் பிறந்தேன் என்றாள். அந்தக் கிழவிக்கு ஒரு பெயர் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.