புலியைப் பார்க்க எந்த மாசம் லீவு போடணும்? சஃபாரி சீசன் கணக்கு

லாங் வீக்கெண்ட் எங்கே வருகிறது என்று ஆபீஸ் கேலண்டரில் பார்த்து, முதலில் டிக்கெட்டைப் போட்டுவிட்டு, அப்புறம்தான் போகிற ஊரைப் பற்றித் தேட ஆரம்பிக்கிறோம். கோவாவுக்கும் கொடைக்கானலுக்கும் இந்த முறை எப்படியோ ஒத்துவந்துவிடும். புலிக் காட்டுக்கு ஒத்துவராது. சுதந்திர தின லீவில் கன்ஹாவுக்குப் போனால் கோர் பகுதியின் கேட் பூட்டியிருக்கும். கிறிஸ்துமஸ் வாரத்தில் போனால் கேட் திறந்திருக்கும், ஆனால் உங்களுக்கு முன்னால் வரிசையாக ஜிப்ஸிகள் நிற்கும். அதே காட்டில் ஏப்ரல் கடைசியில் நின்றால், மதியம் மூன்று மணிக்கு அனல் முகத்தில் அடிக்கும், ஆனால் குட்டையில் கழுத்தளவு தண்ணீரில் ஒரு புலி உட்கார்ந்திருக்கலாம்.

விமானம், ரிசார்ட், ஜிப்ஸி, கைடு என்று எல்லாம் சேர்த்தால் ஒருவருக்கே கணிசமான தொகை ஆகும் பயணம் இது. ஆண்டுக்கு இருக்கும் சில நாள் லீவையும் இதில் போடுகிறீர்கள். அதனால் எந்தக் காடு என்று முடிவு செய்வதற்கு முன்னால் எந்த மாதம் என்று முடிவு செய்யுங்கள்.

காடு எப்போது மூடியிருக்கும்?

மத்திய இந்தியாவின் புலிகள் காப்பகங்களில் ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை கோர் பகுதிக்குள் சுற்றுலா கிடையாது. மத்தியப் பிரதேசத்தின் கன்ஹா, பாந்தவ்கர், பென்ச், மகாராஷ்டிராவின் தடோபா எல்லாவற்றுக்கும் இதுதான் நடைமுறை. ராஜஸ்தானின் ரந்தம்பூரில் 1 முதல் 5 வரையிலான மண்டலங்கள் மழைக்கு மூடப்படும், 6 முதல் 10 வரை திறந்திருக்கும். உத்தராகண்டின் கார்பெட்டில் ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு தேதி. புகழ்பெற்ற திகாலா ஜூன் நடுவில் மூடி நவம்பர் நடுவில்தான் திறக்கும், ஜிர்னாவுக்கு ஆண்டு முழுவதும் போகலாம். குஜராத்தின் கிர் ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை லீவு.

‘அது புலிகளின் இனப்பெருக்கக் காலம், அதான் மூடுறாங்க’ என்று கைடுகளே சொல்வார்கள். அது பாதிதான் சரி. மழைக்காலம் மான் போன்ற விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் குட்டி, குஞ்சு வளர்க்க வசதியான காலம்தான். ஆனால் புலி ஆண்டின் எந்த மாதத்திலும் இணை சேரும், குட்டி போடும். மூடுவதற்கு இன்னொரு காரணம் ரொம்பச் சாதாரணமானது: காட்டுக்குள் இருப்பது மண் ரோடு. நல்ல மழைக்கு ஓடைகள் பெருகும், ஜிப்ஸி சேற்றில் மாட்டும். ஒன்பது மாதம் வண்டிச் சத்தம் கேட்ட காட்டுக்கு மூன்று மாதம் அமைதி கிடைக்கிறது என்பது கூடுதல் நன்மை.

மழையில்தான் லீவு கிடைக்கிறது என்றால் பஃபர் மண்டலங்கள் இருக்கின்றன. தடோபாவில் பல பஃபர் கேட்கள் மழையிலும் இயங்கும், அங்கும் புலி உண்டு. ஆனால் ஒரு நல்ல மழை போதும், அன்றைய சஃபாரி ரத்தாக. ரீஃபண்ட் விதியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வெயிலில் ஏன் புலி கண்ணில் படுகிறது?

‘சம்மர்ல போனா சைட்டிங் நல்லா இருக்கும்’ என்று எல்லோரும் சொல்வது உண்மைதான். அதற்குக் காரணங்கள் மூன்று, மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன.

முதலாவது தண்ணீர். மழை முடிந்த புதிதில் காட்டில் எங்கே பார்த்தாலும் ஓடையும் குட்டையும் இருக்கும். மான் எங்கே வேண்டுமானாலும் குடிக்கலாம், புலி எங்கே வேண்டுமானாலும் காத்திருக்கலாம். பிப்ரவரி தாண்டியதும் ஒவ்வொன்றாக வற்றும். மே மாதம் ஒரு மண்டலத்தில் மிஞ்சுவது சில குட்டைகள், வனத்துறை சோலார் பம்ப் வைத்து நிரப்பும் தொட்டிகள். புள்ளிமான், கடமான், காட்டுமாடு, செந்நாய், கரடி எல்லாம் அங்கேதான் வந்தாக வேண்டும். புலிக்கோ குடிக்க மட்டும் இல்லை, உடம்பைக் குளிர்விக்கவும் தண்ணீர் வேண்டும். பூனை இனத்தில் தண்ணீரை இவ்வளவு விரும்பும் விலங்கு குறைவு. பெரும்பாலும் பின்பக்கமாக நகர்ந்து வந்து தண்ணீருக்குள் உட்காரும், முகத்தில் தண்ணீர் படுவது அதற்கு அவ்வளவாகப் பிடிக்காது. உட்கார்ந்துவிட்டால் அவசரப்படாது, நீங்களும் அவசரப்பட வேண்டாம்.

இரண்டாவது இலை. தடோபா, பென்ச் பக்கம் தேக்கும் மூங்கிலும் அதிகம். தேக்கு கோடையில் இலையைக் கொட்டிவிடும். நவம்பரில் பச்சைச் சுவர் போல நின்ற இடத்தில் ஏப்ரலில் கண் ரொம்ப தூரம் உள்ளே போகும். கன்ஹாவும் பாந்தவ்கரும் பெரும்பாலும் சால் காடு. சால் மரம் தேக்கு மாதிரி மொட்டையாகி நிற்பதில்லை, பழைய இலை உதிர்வதற்குள் புதுத் துளிர் வந்துவிடும். அதனால் கோடையில்கூட கன்ஹா பச்சையாகத் தெரியும், வெயிலும் தடோபாவை விடக் கொஞ்சம் இதமாக இருக்கும். புலியைத் தேடுவதோ அதே அளவுக்குக் கொஞ்சம் கடினம்.

மூன்றாவது புல். மழைக்குப் பிறகு ஆளுயரம் வளர்ந்த புல் காய்ந்து, படுத்து, மேயப்பட்டுக் கோடையில் தரையோடு தரையாகிவிடும். படுத்திருக்கும் புலியின் முதுகுக் கோடுகள் அப்போதுதான் தெரியும்.

இந்த மூன்றும் முழுவதுமாகச் சேர்வது ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் முதல் மழை வரை. ஆனால் தடோபா இருக்கும் சந்திரபூர் மாவட்டம் நாட்டிலேயே மிக வெப்பமான இடங்களில் ஒன்று. மே மாதம் 45 டிகிரியைத் தாண்டுவது அங்கே புதிதல்ல. கூரை இல்லாத ஜிப்ஸியில் மூன்று, நான்கு மணி நேரம் உட்கார வேண்டும். வயதான அப்பா அம்மாவையோ ஐந்து வயதுக் குழந்தையையோ மே மாதம் அங்கே கூட்டிப்போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ரிசார்ட்டில் ஸ்விம்மிங் பூல் இருந்தாலும்.

ஆகவே ‘மே மாதம் பெஸ்ட்’ என்பது கேமராவோடு ஐந்தாறு சஃபாரி போகிறவர்களுக்கான பதில். முதல்முறை போகிறவருக்கு மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை என்பேன். குட்டைகள் சுருங்கத் தொடங்கியிருக்கும், காலையில் காற்று இன்னும் சில்லென்று இருக்கும். இலையில்லாத கிளையெல்லாம் பலாசப் பூ ஆரஞ்சு நிறத்தில் எரிகிற காலமும் அதை ஒட்டித்தான் வருகிறது. நம் ஊரில் அதற்குப் புரசு என்று பெயர், புரசைவாக்கம் அதிலிருந்து வந்த பெயர் என்பார்கள். இலுப்பைக்கு நெருங்கிய சொந்தமான மஹுவா மரத்தின் பூ உதிரும் காலமும் அதுவே. அதைத் தின்னக் கரடி வரும், கூடை எடுத்துக்கொண்டு கிராமத்து ஜனங்களும் விடியற்காலையிலேயே காட்டோரத்துக்கு வருவார்கள். நீங்கள் ரசிக்க வந்த காடு அவர்களுக்குப் பிழைப்பு என்பது அந்த நேரத்தில் நன்றாகத் தெரியும்.

கோடை மழையையும் கணக்கில் வையுங்கள். ஏப்ரலில் இரண்டு நாள் நன்றாகப் பெய்தால் பள்ளங்களில் தண்ணீர் நிற்கும், விலங்குகள் மறுபடி கலைந்துவிடும். ‘சைட்டிங் கேரண்டி’ என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போடுகிற ஏஜென்ட்டிடம் இந்த மழையையும் கேரண்டியில் சேர்ப்பாரா என்று கேட்டுப் பாருங்கள்.

அப்போ குளிர்காலம் வேஸ்ட்டா?

இல்லவே இல்லை. புலி மட்டும்தான் வேண்டும் என்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை இரண்டாம் தரம். காட்டைப் பார்க்க வேண்டும் என்றால் அதுதான் முதல் தரம். கன்ஹாவின் புல்வெளியில் டிசம்பர், ஜனவரி காலையில் பனி படர்ந்திருக்கும், சில நாள் உறைபனியே விழும். அந்தப் பனிக்குள் ஆண் பாரசிங்கா மான்கள் கொம்பில் புல்லைச் சுற்றிக்கொண்டு கத்தும். அவற்றின் இணைசேரும் காலம் அது. 1970ல் வெறும் 66 ஆகச் சுருங்கி, கன்ஹாவில் காப்பாற்றப்பட்டு மீண்ட மான் இனம் இது. புலியைத் தேடும் அவசரத்தில் ஜிப்ஸிகள் நிற்காமல் கடந்துபோவது எனக்கு எப்போதும் புரியாத விஷயம்.

குளிரைக் குறைத்து எடைபோட வேண்டாம். சென்னையில் போடுகிற ஹூடி போதாது. ஓடுகிற திறந்த வண்டியில் காலை ஆறரை மணிக் காற்று கத்தி மாதிரி இறங்கும். தொப்பி, கையுறை, தெர்மல் மூன்றும் வேண்டும்.

குளிர்காலத்தின் உண்மையான பிரச்சினை கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான கூட்டம். 2024 டிசம்பர் 31 அன்று மகாராஷ்டிராவின் உம்ரேட்-பௌனி-கர்ஹாண்ட்லா சரணாலயத்தில் ஒரு பெண்புலியையும் அதன் குட்டிகளையும் சுற்றுலா வண்டிகள் இரண்டு பக்கமும் மறித்து நின்றன. வீடியோ பரவியது. பாம்பே உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை தானாக முன்வந்து வழக்கு எடுத்தது, டிரைவர்கள் மீதும் கைடுகள் மீதும் நடவடிக்கை பாய்ந்தது. ஆனால் ‘இன்னும் கொஞ்சம் கிட்ட போங்க பையா’ என்று பின்சீட்டிலிருந்து சொல்வது யார்? கூட்டம் குறைந்த வாரத்தைத் தேர்ந்தெடுப்பது உங்களுக்கும் நல்லது, அந்தப் புலிக்கும் நல்லது. பிப்ரவரியின் சாதாரண வாரநாட்கள் பல வகையில் அருமையான தேர்வு. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு என் முதல் வாக்கு அதற்குத்தான்.

அக்டோபர் பற்றி ஒரே வரி: காடு குளித்துவிட்டு வந்த மாதிரி அழகாக இருக்கும், புல்லுக்குப் பின்னால் எதுவும் தெரியாது.

புலி இல்லை, வேறு வேண்டும் என்றால்

கணக்கு மொத்தமாக மாறும். அசாமின் காசிரங்கா மழையில் பிரம்மபுத்திரா வெள்ளத்தில் மூழ்கும். பூங்கா பொதுவாக அக்டோபரில் பகுதி பகுதியாகத் திறந்து ஏப்ரல் வரை இயங்கும். அங்கே யானைப்புல் ஆளை மறைக்கும் உயரம். ஜனவரி வாக்கில் வனத்துறை அதைக் கட்டுப்பாட்டோடு எரிக்கும், புதுத் தளிர் வரும். பிப்ரவரி, மார்ச்சில் அந்தத் தளிருக்காகக் காண்டாமிருகங்கள் வெட்டவெளிக்கு வரும். 2022 கணக்கெடுப்பில் அங்கே இருந்தவை 2,613.

யானைக் கூட்டம்தான் கனவு என்றால் ஏப்ரல், மே. கர்நாடகாவின் கபினி அணையில் தண்ணீர் பின்வாங்கும், வெளியே வந்த ஈர மண்ணில் புல் முளைக்கும், நாகரஹோளே, பந்திப்பூர் பக்கத்து யானைகள் அங்கே திரளும். கார்பெட்டின் திகாலாவில் ராம்கங்கா நீர்த்தேக்கத்திலும் இதே கதை நடக்கும். லடாக்கின் பனிச்சிறுத்தைக்கு ஜனவரி முதல் மார்ச். பனி அதிகமானதும் அதன் இரையான நீல ஆடுகள் கீழே இறங்கும், அதுவும் பின்னாலேயே இறங்கும்.

பக்கத்திலேயே இருக்கிறதே என்று முதுமலை, பந்திப்பூருக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிப்ரவரி, மார்ச்சில் காட்டுத்தீ அபாயத்தால் முதுமலையில் சஃபாரி நிறுத்தப்படுவதுண்டு. 2025 நவம்பரில் பந்திப்பூர், நாகரஹோளே ஓரக் கிராமங்களில் புலி தாக்கி மனிதர்கள் இறந்ததை அடுத்து, கர்நாடக அரசு அங்கே சஃபாரியையே நிறுத்தியது. கிளம்பும் வாரத்தில் வனத்துறை அறிவிப்பைப் பாருங்கள்.

சரி, புக்கிங் எப்படி?

சென்னையிலிருந்து டெல்லி போகும் ரயில்கள் தடோபாவைத் தொட்டுக்கொண்டுதான் போகின்றன. பல்லார்ஷாவிலோ சந்திரபூரிலோ இறங்கினால் காடு பக்கம். பென்ச்சுக்கு நாக்பூரிலிருந்து சுமார் இரண்டு மணி நேரக் கார் பயணம்.

பெர்மிட்டை மாநில வனத்துறையின் ஆன்லைன் தளத்தில் நீங்களே எடுக்கலாம். ஏஜென்ட்டுகளின் தளங்களும் பார்க்க அரசுத் தளம் போலவே இருக்கும், பணம் கட்டும் முன் முகவரியை ஒருமுறை சரிபாருங்கள். பெர்மிட்டில் பெயர் இருப்பவர்தான் போக முடியும், கேட்டில் ஒரிஜினல் ஐடி கேட்பார்கள். தடோபாவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, மத்தியப் பிரதேசப் பூங்காக்களில் புதன் மதியம் சஃபாரி இல்லை. இதைக் கவனிக்காமல் திங்கள் இரவு போய் இறங்குகிறவர்கள் உண்டு.

ஒரே சஃபாரிக்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம். இரண்டு இரவு தங்கி, காலை, மாலை கலந்து நான்கு சஃபாரி போனால்தான் நியாயமான வாய்ப்பு. கோடையில் மாலைக்கு முன்னுரிமை கொடுங்கள், குட்டைக்கு வருகிற நேரம் அது. கோர் பகுதியின் சுற்றுலா மண்டலங்களில் மொபைல் பயன்படுத்தக் கூடாது, இரவு சஃபாரியும் கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. போட்டோ வேண்டும் என்றால் யாரிடமாவது கேமரா இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

மத்தியப் பிரதேசத்தில் புக்கிங் ஏறக்குறைய நான்கு மாதம் முன்பே திறந்துவிடும், நல்ல மண்டலங்களின் வார இறுதி சீக்கிரம் தீர்ந்துவிடும். மார்ச் கடைசி வாரம் போக நினைத்தால், மேனேஜரிடம் லீவு கேட்க வேண்டிய மாதம் நவம்பர்.