மீன் தொட்டிக்கு ஒரு தண்ணீர்க் காவல்காரன்



மதுரைப் பக்கம் கோடை வெயிலில் சிமெண்ட் மீன் தொட்டியில் தினமும் அரை சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாகும். நிரப்ப மோட்டாரைப் போட்டுவிட்டு வயலுக்குப் போய் மறந்தால், தொட்டி வழிந்து குஞ்சுகளும் போய்விடும். இதற்கு எளிய மின்னணுக் கருவி உண்டு.

வைகை அணையின் முழு மட்டம் 71 அடி; 66 அடியிலேயே முதல் வெள்ள எச்சரிக்கை தருகிறார்கள். நாமும் விளிம்பு வரை காத்திருக்கக் கூடாது.

மூன்று எவர்சில்வர் கம்பிகளை ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிடுங்கள். ஒன்று தொட்டியின் அடி வரை, அடுத்தது கீழ்மட்டம் வரை, மூன்றாவது மேல்மட்டம் வரை. தண்ணீரில் கரைந்த உப்பு வழியே மெல்லிய மின்சாரம் பாயும். தண்ணீர் கீழ்மட்டக் கம்பியை விட்டு இறங்கினால் டிரான்சிஸ்டர், ரிலே மூலம் மோட்டாரை ஓட்டும். மேல்மட்டக் கம்பியைத் தொட்டதும் நிறுத்தும்.

ஒரே மட்டம் போதாதா என்பீங்க. போதாது. சிறு அலைக்கும் மோட்டார் விட்டுவிட்டு ஓடும். ரிலே முனை கருகும். இரண்டுக்கும் நடுவே நாலு விரற்கடை விடுங்க.

கம்பிகளுக்கு டிரான்ஸ்பார்மர் தரும் 12 வோல்ட் மட்டும்தான். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். தண்ணீரில் பட்டால் ஆளையே கொல்லும். அந்த இணைப்பைத் தேர்ந்த எலக்ட்ரீஷியன்தான் செய்யணும்.

கம்பியில் உப்பு படிந்தால் கருவி ஏமாறும். வாரம் ஒருமுறை, மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தேய்த்துத் துடையுங்கள். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பும் மீன் கழிவும் தங்கிவிடும். ஆகவே அன்றைக்கே கொஞ்சம் பழைய தண்ணீரையும் வெளியேற்றுங்கள். அதைத் தென்னைக்குப் பாய்ச்சலாம்.