உடலின் காவலரும் டில்லிக் குழந்தைகளும்

வயிற்றுப்போக்கு கோடைக்காலத்து நோய் என்றே தமிழகத்திலிருந்து டில்லிக்கு வந்த தாய்மார் பலர் கருதுகின்றனர். ஆனால், சிறு குழந்தைகளின் உடல் நீரை வற்றச் செய்து உயிருக்கே ஊறு விளைவிக்கும் ரோட்டா வைரஸ் என்னும் கிருமி, வடநாட்டில் குளிர்காலத்திலேயே மிகுதியாகப் பரவுகிறது.

1980-களில், டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் டாக்டர் மகாராஜ் கிஷண் பான் அவர்களும் அவருடைய துணைவர்களும் ஒரு விந்தையைக் கண்டனர். பிறந்து சில நாளே ஆன சிசுக்கள் சிலரின் குடலில் இக்கிருமி இருந்தது. ஆயினும் அவர்களுக்கு வயிற்றுப்போக்கு இல்லை. தொடர்ந்து கவனித்தபோது, பின்னரும் ரோட்டா வைரஸ் நோய் அக்குழந்தைகளைக் குறைவாகவே தாக்கிற்று. இதன் காரணம் யாது?

நம் எலும்புகளின் உள்ளே பிறக்கும் வெள்ளணுக்களே உடலின் காவலர். அவற்றுள் விழுங்கணுக்கள் முதலில் விரைந்து சென்று, வந்த கிருமி எதுவாயினும் விழுங்கி அழிக்க முயல்கின்றன. வேறு சில அணுக்கள் கிருமியின் துணுக்குகளை ஏந்திச் சென்று, நிணநீர்க் கணுக்களில் உள்ள நிணவணுக்களுக்குக் காட்டுகின்றன.

நிணவணுக்கள் இருவகைப்படும். மார்பில் உள்ள தைமஸ் சுரப்பியில் பக்குவமடையும் 'டி' அணுக்களுள் சில, பிற அணுக்களை ஊக்குகின்றன. சில, கிருமி புகுந்த அணுக்களைக் கொல்லுகின்றன. 'பி' அணுக்களோ, அந்தக் கிருமியை மட்டுமே பற்றிக்கொள்ளும் எதிர்ப்புப் பொருளை உண்டாக்குகின்றன. குடலின் உட்சுவரிலும் இப்பொருள் சுரந்து காவல் புரிகிறது.

முதன்முறை இதற்குச் சில நாட்கள் பிடிக்கும். போர் முடிந்தபின் இவ்வணுக்களுள் ஒரு பகுதி நினைவணுக்களாக எஞ்சி நிற்கும். அதே கிருமி மீண்டும் வரின், அவை விரைந்து எழுகின்றன. டில்லிச் சிசுக்களைக் காத்தது இத்தகைய நினைவே.

அச்சிசுக்களிடம் கிடைத்த 116-இ என்னும் கிருமிவகை, மனிதக் கிருமியில் மாட்டுக் கிருமியின் கூறு ஒன்று இயற்கையாகவே கலந்து உருவானது. அதிலிருந்து வாய்வழியே புகட்டும் தடுப்பு மருந்து ஆக்கப்பட்டது. டில்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் ஏறத்தாழ 6,800 குழந்தைகளிடம் அது சோதிக்கப்பட்டது. முதலாண்டில் கடுமையான ரோட்டா வைரஸ் நோய் பாதிக்குமேல் குறைந்தது. 2016-ஆம் ஆண்டு முதல் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து அரசாங்கத்தின் தடுப்புத் திட்டத்தில் இடம்பெற்று, படிப்படியாக நாடெங்கும் பரவியது.

குழந்தை பிறந்த 6, 10, 14-ஆம் வாரங்களில் இம்மருந்து புகட்டப்படுகிறது. தாய்வீட்டில் பிள்ளை பெற்று டில்லிக்குத் திரும்பும் குடும்பங்களில், இடையே ஒரு தவணை விடுபட்டுப் போவதுண்டு. தடுப்பு அட்டையை மறவாது உடன் கொண்டுவருக. எஞ்சிய தவணைகளை அண்மையிலுள்ள அரசாங்க மருந்தகத்தில் பெறலாம். வயிற்றுப்போக்கு எக்கிருமியால் வரினும், உப்புச் சர்க்கரைக் கரைசலைத் தாமதமின்றிப் புகட்டுவதோடு மருத்துவரையும் நாடுக. மருந்து புகட்டிய குழந்தைக்கும் இவ்விழிப்பு வேண்டும். காவலர் பயிற்சி பெறும் வரையில், காவல் நம்முடையது.