நிரூபணமும் நிபந்தனையும்: சங்கேத முறை பற்றிய மாணவர் கருத்தரங்கு

1954-ஆம் ஆண்டில் திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. 2015-இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ஒன்றும் அந்நகரில் தொடங்கப்பெற்றது. 2022 வரை திருப்பதியையும் உள்ளடக்கியிருந்த சித்தூர் மாவட்டத்தில் தெலுங்குடன் தமிழும் வழங்குகிறது. இவ்வட்டாரத்தில் சங்கேத முறைகள் பற்றிய மாணவர் கருத்தரங்கு நடத்த விழையும் ஆசிரியர்க்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டா, கரும்பலகையே போதும். எண்களுக்கு மொழிபெயர்ப்பும் தேவையில்லை.

ஒரு சங்கேத முறை பாதுகாப்பானது என்பதை எங்ஙனம் அறிவது? கருத்தரங்கு இவ்வினாவுடன் தொடங்குதல் நன்று. 1978-இல் மெர்க்கிள், ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் ஒரு முறையை வெளியிட்டனர். கடினமானதொரு கணக்கின்மீது அது நிற்பதாகத் தோன்றிற்று. எனினும் 1982-இல் ஷமீர் அதன் மூல வடிவத்தை உடைத்துவிட்டார். இதுவரை எவரும் உடைக்கவில்லை என்னும் கூற்று நிரூபணமாகாது.

1979-இல் இஸ்ரேலிய அறிஞர் ராபின் வேறு வழி காட்டினார். இரு பகா எண்களின் பெருக்குத்தொகை வெளிப்படையாக அறிவிக்கப்படும். செய்தியாகிய எண்ணின் வர்க்கத்தை அதனால் வகுத்தபின் எஞ்சும் மீதியே சங்கேதம். இதனைப் பிரிக்க வல்லவன் அப்பெருக்குத்தொகையின் காரணிகளையும் காண வல்லவனாவான் என்பதை அவர் நிரூபித்தார்.

77 என்னும் எண்ணைக் கொள்க. ஒரு மாணவர் வினவுபவர், மற்றொருவர் உடைப்பவர். வினவுபவர் சீட்டுக் குலுக்கி எடுத்த 9-ஐ மறைத்து வைத்து, 81-ஐ 77-ஆல் வகுத்த மீதியாகிய 4-ஐ மட்டும் கூறுகிறார். இம்மீதியைத் தரும் எண்கள் 2, 9, 68, 75 என நான்கு. உடைப்பவர் 2 என்று விடையளித்தால், 9-க்கும் 2-க்கும் உள்ள வேறுபாடு 7, அதுவே காரணி. 75 என்றால் வேறுபாடு 66. 66, 77 ஆகியவற்றின் மீப்பெரு பொதுக் காரணி 11. 9 அல்லது 68 என்றால் பயனில்லை. வேறோர் எண்ணை எடுத்து மீண்டும் வினவ வேண்டியதே.

இவ்விடத்தில் விரைதல் கூடாது. நான்கனுள் எது சீட்டில் வந்தது என்பதை உடைப்பவர் அறிய வழியே இல்லை. ஆதலின் ஒவ்வொரு முறையும் வெற்றிக்குரிய வாய்ப்புப் பாதி. பத்து முறையும் தவறுவதற்குரிய வாய்ப்பு 1024-இல் ஒன்றே. நிரூபணத்தின் உயிர் இவ்வறியாமையில் உள்ளது. மாணவர் இதனை ஒரே வரியில் கடக்க முற்படுவர், ஆசிரியர் விடலாகாது.

அடுத்து, உடைப்பவரின் இடத்தில் சங்கேதத்திற்கு உரியவரையே அமர்த்திப் பார்க்கவேண்டும். வரும் சங்கேதங்களையெல்லாம் பிரித்து விடை கூறும் வழக்கம் அவருக்கிருப்பின், மேற்கூறிய வினாக்களே அவருடைய இரகசியக் காரணிகளை வெளிப்படுத்திவிடும். பாதுகாப்பை நிறுவிய நிரூபணமே தாக்குதலுக்கும் வழியாகிறது! ஆகவே பகைவனுக்கு எத்தகைய வசதிகள் உண்டு என்பதை முதலிலேயே கரும்பலகையில் எழுதிவைத்தல் இன்றியமையாதது. மேலும், காரணிகளைக் காண்பது கடினம் என்பதே இன்னும் நிரூபிக்கப்படாத கருதுகோள்தான். குவாண்டம் கணிப்பொறி அதனை விரைவில் செய்யவல்லது என 1994-இல் ஷோர் காட்டினார்.

இப்பொருள் மாணவர் ஆற்றலுக்கு மேற்பட்டதெனக் கருதவேண்டுவதில்லை. பகா எண்களை ஐயமின்றியும் விரைவாகவும் அறியும் முறையை 2002-இல் கான்பூர் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் மணீந்திர அகர்வாலுடன் சேர்ந்து கண்ட நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும் அவ்வாண்டில்தான் இளநிலைப் பட்டம் பெற்றவர்கள்.

ராபின் முறையில் ஒரே செய்தி எப்போதும் ஒரே சங்கேதமாகிறது. ‘ஆம்’, ‘இல்லை’ என்னும் இரண்டையும் பகைவன் தானே சங்கேதமாக்கி ஒப்பிட்டால் செய்தி வெளியாகிவிடும். இக்குறையை நீக்கும் வழியைக் கூறும் கோல்ட்வாசர், மிகாலி ஆகியோரின் 1984-ஆம் ஆண்டுக் கட்டுரையை இரண்டாம் அமர்வுக்கு வைத்துக்கொள்ளலாம்.