நகரசபையும் ஊர்த்தொழிலும்: பிறெஸ்ரன் நகரின் அநுபவம்

ஒரு நகரை ஆளும் சபையின் கடமைகள் யாவை என வினாவினால், வீதி அமைத்தல், குப்பை அகற்றல், குடிநீர் வழங்கல், சந்தை நடத்தல் என்பனவற்றையே நம்மிற் பலர் எடுத்துரைப்பர். அந்நகரில் வாழ்வோர் தொழில் பெறுவதும், சிறு வணிகரும் கைத்தொழிலாளரும் தழைப்பதும் நாட்டரசையும் உலகச் சந்தையின் ஏற்ற இறக்கத்தையும் பொறுத்தவை. நகரசபை அவற்றில் என் செய்யும் என்பது பொதுவாக நிலவும் எண்ணம். அவ்வெண்ணம் முற்றும் பொருந்துவதன்று. தன் செலவை எவ்வழியிற் செலுத்துவது என்று சிந்திக்கத் தலைப்பட்ட ஒரு நகரசபை, அச்சிந்தனை ஒன்றினாலேயே ஊர்த்தொழிலுக்கு உரமூட்டலாம். இதற்குச் சான்றாக அமைவது இங்கிலாந்தின் வடமேற்கே, இலங்காசயரில் உள்ள பிறெஸ்ரன் நகரம். அதன் அநுபவத்தை ஆராய்ந்து, அதனாற் பெறப்படும் உண்மை யாது, அவ்வுண்மைக்குள்ள எல்லை யாது என்பவற்றைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரசபை ஒன்று தொழில் வளர்க்கும் வழிகளை இருவகைப்படுத்தலாம். வெளியிலிருந்து பெருமுதலை அழைத்துவருதல் ஒன்று. நிலத்தைக் குறைந்த விலைக்கு ஈதல், வரியைத் தளர்த்தல், வீதியும் மின்சாரமும் அமைத்துக் கொடுத்தல் முதலியன இதன்பாற்படும். ஊரில் ஏற்கெனவே புழங்கும் பொருள் வெளியே ஒழுகிப்போகாது ஊருக்குள்ளேயே மீண்டும் மீண்டும் சுற்றிவரச் செய்தல் மற்றொன்று. முன்னையது கண்ணுக்குப் புலனாவது. அடிக்கல் நாட்டுவதற்கும் திறப்புவிழா எடுப்பதற்கும் இடமளிப்பது. ஆயினும், விருந்தினராக வந்த முதல் விருந்தினராகவே எழுந்து செல்லவும் கூடும். பின்னையது ஆரவாரமற்றது, கணக்கேடுகளுக்குள்ளே நிகழ்வது. பிறெஸ்ரன் நகரம் முதலாவது வழியை நெடுங்காலம் நம்பியிருந்து, அது பயனளிக்காதபோது இரண்டாவது வழியை மேற்கொண்டது.

இந்நகரின் வாணிகப் பழமை குறிப்பிடத்தக்கது. 1179 ஆம் ஆண்டில் இரண்டாம் ஹென்றி மன்னன் இதற்கு உரிமைச் சாசனம் வழங்கினான். நகரில் எவர் வாணிகஞ் செய்யலாம் என்பதை வரையறுக்கும் வணிகர் குழாம் ஒன்று இங்கே நெடுங்காலம் இயங்கியது. அதன் நினைவாக இருபது ஆண்டுக்கொருமுறை பெருவிழா எடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு. 2012 ஆம் ஆண்டில் அவ்விழா நடைபெற்றது. நூல் நூற்கும் பொறியினாற் புகழ்பெற்ற றிச்சாட் ஆர்க்றைற் 1732 ஆம் ஆண்டில் இந்நகரிலேயே பிறந்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பருத்தி ஆலைகள் இங்கே பல்கின. 1892 ஆம் ஆண்டில் றிபிள் ஆற்றங்கரையில் துறைமுகம் திறக்கப்பட்டது. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1981 ஆம் ஆண்டில் துறைமுகமும் மூடப்பட்டது. ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மக்கள் வாழும் இந்நகரிற் பல பகுதிகள் வறுமைக்கு ஆளாயின.

இந்நிலையை மாற்றும் பொருட்டு வகுக்கப்பட்டதே ரைத்பாண் என்னும் திட்டம். 70 கோடி பவுண் செலவில் நகர நடுவிலே பேரங்காடித் தொகுதி ஒன்றை எழுப்புவது அதன் கருத்து. பத்தாண்டுக்கு மேலாக நகரின் நம்பிக்கை முழுவதும் அதன்மேலேயே தங்கியிருந்தது. ஆனால் 2008 ஆம் ஆண்டில் உலகெங்கும் நேர்ந்த நிதி நெருக்கடியின் பின்னர் வணிகச் சூழல் மாறிவிட்டது. 2011 ஆம் ஆண்டின் இறுதியில், அத்தொகுதியின் தலைமைக் கடையாக அமையவிருந்த பெருநிறுவனம் பின்வாங்கவே, திட்டம் முழுவதும் சரிந்தது. அதே காலத்தில் நாட்டரசும் உள்ளூராட்சிச் சபைகளுக்கு வழங்கும் நிதியைக் கடுமையாகக் குறைத்தது. வெளியிலிருந்து வருமென நம்பிய முதலும் வரவில்லை. மேலிருந்து வந்துகொண்டிருந்த பணமும் சுருங்கியது. இனிச் செய்வது யாது என்னும் வினா நகரசபையின் முன் எழுந்தது.

'எவரை அழைக்கலாம்' என்பதை விடுத்து, 'நம்மிடம் இருப்பது எது' என்று ஆராய்ந்ததிலேயே பிறெஸ்ரனின் சிறப்பு அடங்கியுள்ளது. சபை உறுப்பினராய் இருந்து 2018 ஆம் ஆண்டில் அதன் தலைவரான மத்தியூ பிறவுண் இச்சிந்தனைக்கு முதன்மையானவர். மாஞ்செஸ்ரரில் உள்ள உள்ளூர்ப் பொருளாதார உபாய நிலையம் என்னும் ஆய்வு நிறுவனம் துணைநின்றது. ஐக்கிய அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலே, பெரிய வைத்தியசாலைகளையும் சர்வகலாசாலையையும் ஆதாரமாகக் கொண்டு, தொழிலாளருக்கே உரிமையான சலவைச்சாலை ஒன்று 2009 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டிருந்தது. அம்முயற்சியும் இவர்களுக்கு வழிகாட்டியாயிற்று.

இவ்விடத்திலே 'நங்கூர நிறுவனம்' என்னும் கருத்தை விளக்குதல் வேண்டும். ஆலை முதலாளி கூலி குறைந்த வேறு நாட்டை நாடிச் செல்லலாம். அங்காடி நிறுவனம் கிளையை மூடிவிடலாம். ஆனால் வைத்தியசாலையும் கல்லூரியும் பொலிஸ் நிலையமும் நகரசபையும் ஊரைவிட்டுப் பெயர்ந்து செல்வதில்லை. நங்கூரமிட்ட கப்பல்போல் அவை ஓரிடத்தே நிற்பன. அவை நாள்தோறும் உணவும் எழுதுபொருளும் வாங்குகின்றன, கட்டடங்களைப் பழுதுபார்ப்பிக்கின்றன, காவலும் துப்புரவும் பெறுகின்றன. இச்செலவு ஒவ்வோராண்டும் தவறாது நிகழ்வது. அங்ஙனமாயின் அப்பணம் எவரிடம் போய்ச் சேர்கின்றது?

பிறெஸ்ரன் நகரசபை, இலங்காசயர் மாவட்ட சபை, பொலிஸ் படை, வீடமைப்புச் சங்கம் ஒன்று, இரு கல்லூரிகள் ஆகிய ஆறு நிறுவனங்களின் 2012/13 ஆம் ஆண்டுக் கணக்குகள் ஆராயப்பட்டன. அவை வாங்கிய பொருள்களினதும் சேவைகளினதும் பெறுமதி ஏறத்தாழ 75 கோடி பவுண். அதில் பிறெஸ்ரன் நகரத்து வணிகருக்குக் கிடைத்தது 3 கோடியே 83 இலட்சம் பவுண், அதாவது நூற்றுக்கு ஐந்து வீதம் மாத்திரமே. நகரையும் உள்ளடக்கிய இலங்காசயர் முழுவதையும் நோக்கினும் 39 வீதத்துக்கு மேலில்லை. எஞ்சிய 61 வீதமும் அப்புறத்தே சென்றுவிட்டது. மழை பெய்யவில்லையே என்று வானத்தை நோக்கியிருந்த ஊரார், தம் குளக்கட்டிலே உடைப்பு இருப்பதைக் கண்டாற்போன்றது இது.

உடைப்பை அடைப்பதால் விளையும் பயனை எளிய கணக்கொன்றாற் காட்டலாம். ஊருக்குள் வந்த 100 பவுணில் 40 பவுண் மீண்டும் ஊருக்குள்ளேயே செலவாகின்றது எனக் கொள்வோம். அந்த நாற்பதைப் பெற்றவர் அதன் 40 வீதமாகிய 16 பவுணை ஊரிலே செலவிடுவர்; அடுத்தவர் 6 பவுணுக்குச் சற்று மேலாகச் செலவிடுவர். பெருக்கல் விருத்தி பயின்ற மாணவர் இத்தொடரின் கூட்டுத்தொகை ஏறத்தாழ 167 எனக் கணித்துக்கொள்வர். ஊருக்குள் நிற்பது 60 வீதமாயின் அக்கூட்டுத்தொகை 250 ஆக உயரும். புதிதாக ஒரு சதமேனும் வெளியிலிருந்து வராமலே ஊரார் வருவாய் பெருகுகின்றது. பொருளியலார் 'பெருக்கி' என வழங்கும் இவ்விளைவே பிறெஸ்ரன் முயற்சியின் அடிப்படையாகும்.

ஆயின், உள்ளூர் வணிகரிடமே வாங்குக என்று சபை கட்டளையிட முடியாது. அக்காலத்திற் பிரித்தானியாவைக் கட்டுப்படுத்திய ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், இடம் பற்றி ஒருவருக்குச் சலுகை காட்டுதலைத் தடைசெய்தது. எனவே சபையார் சட்டத்தை மீறாது, சிறு வணிகரைத் தடுத்துநின்ற இடர்களை நீக்க முற்பட்டனர். கேள்விப்பத்திரம் கோருவது பற்றிய செய்தி அவர்களை எட்டுவதில்லை. எட்டினும் பத்திரத்தை நிரப்பும் வகை விளங்குவதில்லை. விளங்கினும் ஒப்பந்தம் அவர்கள் தாங்கமுடியாத அளவிற்குப் பெரிதாயிருக்கும். ஆதலின் செய்தி முன்கூட்டியே பரப்பப்பட்டது, பத்திரங்கள் எளிமையாக்கப்பட்டன, பெரிய ஒப்பந்தங்கள் கூறாக்கப்பட்டன. விலையோடு, பயிலுநரை அமர்த்துதல், நேரிய கூலி வழங்குதல் ஆகிய சமூகப் பயன்களும் சீர்தூக்கப்பட்டன. 2012 ஆம் ஆண்டில் நிறைவேறிய சமூகப் பெறுமதிச் சட்டம் இதற்கு இடமளித்தது.

மாவட்ட சபை பாடசாலைகளுக்கு வழங்கிய உணவு இதற்கோர் எடுத்துக்காட்டு. முழு உணவுக்குமாக ஒரே ஒப்பந்தம் கோரின் நாடளாவிய பெருநிறுவனமே முன்வரும். தயிருக்கு ஒன்று, முட்டைக்கு ஒன்று, பாற்கட்டிக்கு ஒன்று எனக் கூறாக்கிய பின்னர், இலங்காசயர்ப் பண்ணைகளின் விளைபொருளைக் கொண்ட உள்ளூர் வழங்குநர் அவற்றைப் பெற்றனர். இதனால் மாவட்டத்துக்குக் கிடைத்த நன்மை 20 இலட்சம் பவுண் என மதிப்பிடப்பட்டது. எவரும் விலக்கப்படவில்லை, முன்னர் உள்ளே நுழைய இயலாதவருக்கு வாயில் திறக்கப்பட்டது, அவ்வளவே.

கொள்வனவோடு சபை அமைந்துவிடவில்லை. வாழ்க்கைக்குப் போதிய கூலி வழங்கும் நிறுவனம் என 2012 ஆம் ஆண்டில் அங்கீகாரம் பெற்று, பிற நிறுவனங்களையும் அவ்வழியில் நிற்குமாறு தூண்டியது. கூலி உயர்ந்த தொழிலாளர் அதனை ஊர்க் கடைகளிலேயே பெரும்பாலும் செலவிடுவர் ஆதலின், இதுவும் வாணிகத்துக்குத் துணையாவதே. 1875 ஆம் ஆண்டிலிருந்து நின்றுவரும் பழைய சந்தை மண்டபம் புதுக்கப்பட்டு 2018 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கூட்டுறவு முயற்சிகளுக்கும் ஊக்கமளிக்கப்பட்டது. 1844 ஆம் ஆண்டில் கூட்டுறவு முன்னோடிகள் கடை திறந்த றொச்டேல் நகரமும் பழைய இலங்காசயரைச் சேர்ந்ததே என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

பயன் யாது? 2016/17 ஆம் ஆண்டில் அந்த ஆறு நிறுவனங்களின் மொத்தச் செலவு ஏறத்தாழ 62 கோடி பவுணாகக் குறைந்திருந்தது. எனினும் நகரத்து வணிகர் பெற்ற பங்கு 11 கோடியே 23 இலட்சம் பவுணாக, அதாவது 18.2 வீதமாக உயர்ந்தது. இலங்காசயர் முழுவதிலும் 29 கோடியே 20 இலட்சமாய் இருந்தது 48 கோடியே 87 இலட்சமாகி, 79.2 வீதத்தை எட்டியது. 2014 ஆம் ஆண்டில் 6.5 வீதமாயிருந்த வேலையின்மை 2017 ஆம் ஆண்டில் 3.1 வீதமாகக் குறைந்தது.

இவற்றைக் கண்டு அளவிறந்த முடிபுகளுக்கு வருதல் அறிஞர்க்கு அழகன்று. அவ்வாண்டுகளிற் பிரித்தானியா முழுவதிலுமே வேலையின்மை குறைந்தது. எனவே அக்குறைவு முழுவதையும் நகரசபையின் கணக்கில் எழுதுதல் தவறு. இத்தகைய ஐயத்தைத் தீர்ப்பதற்கு, பிறெஸ்ரனில் நேர்ந்த மாற்றத்தைப் பிற இடங்களில் நேர்ந்த மாற்றத்தோடு ஒப்பிடுதல் வேண்டும். 2023 ஆம் ஆண்டில் லான்செற் பொதுச் சுகாதார இதழில் வெளிவந்த ஆய்வொன்று அவ்வாறே செய்தது. எதிர்பார்க்கக்கூடிய அளவிலும் பிறெஸ்ரனின் இடைநிலைக் கூலி 11 வீதமும், வாழ்க்கை பற்றிய மக்களின் மனநிறைவு 9 வீதமும் கூடியிருந்தன என்றும், உளநோய்த் துயரமும் ஓரளவு தணிந்திருந்தது என்றும் அது கண்டது. ஓர் ஆய்வு எல்லாவற்றையும் நிலைநாட்டிவிடாது. எனினும் முயற்சி வீண்போகவில்லை என்பதற்கு அது தக்க சான்று.

இதனினும் ஆழமான தடை ஒன்று உண்டு. ஒவ்வொரு நகரமும் தன் பணத்தைத் தன்னுள்ளேயே பூட்டிவைக்குமாயின், ஒன்றன் இலாபம் மற்றொன்றன் நட்டமாகாதா? வாணிகம் என்பதே ஊர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழ்தலன்றோ? இத்தடையில் உண்மை உண்டு. ஒரு நகரம் தன்னால் நன்கு செய்யவியலாததைப் பிற ஊரிலிருந்து பெறுவதே முறை. ஊர்ப்பற்று என்னும் பெயரால் தரக்குறைவான பொருளை மிகுவிலைக்கு வாங்குவது வரியிறுப்போர்க்கு இழைக்கும் தீங்காகும். மேலும், உள்ளூர் வணிகருக்கும் சபையாருக்கும் இடையே நெருக்கம் மிகுங்கால் கைக்கூலியும் உறவினர்க்கு உதவும் பழக்கமும் நுழைதல் எளிது. ஒப்பந்தங்கள் யாவரும் காண வெளிப்படையாகக் கோரப்படுதலும், தெரிவுக்குரிய அளவுகோல்கள் முன்னரே அறிவிக்கப்படுதலும் இன்றியமையாதன. அவை இல்லாத இடத்தில் இம்முறை நன்மையினும் தீமையே பயக்கும்.

ஆனால் பிறெஸ்ரன் செய்தது மதில் எழுப்புதலன்று. பெருநிறுவனத்துக்கே ஏற்றவாறு தன்னையறியாமல் வகுத்திருந்த விதிகளைச் சிறியோர்க்கும் பொதுவாக்கியதே அதன் செயல். முன்பு 61 வீதம் வெளியே சென்றமைக்கு, ஊரார் திறமையற்றவர் என்பது மாத்திரம் காரணமாயிருப்பின், விதிகளை மாற்றியபின் அவர்கள் அத்துணைப் பங்கைப் பெற்றிருக்க இயலாது. திறமை ஊரிலேயே இருந்தது. அதனைக் காணும் ஏற்பாடு சபையிடம் இருக்கவில்லை.

பிறெஸ்ரன் செல்வநகரமாகிவிடவில்லை. வறிய பகுதிகள் அங்கே இன்றும் உண்டு. எதிர்பார்த்த கூட்டுறவு நிறுவனங்களும் சிறு தொகையினவாகவே தோன்றின. நாட்டரசின் கொள்கையால் நேரும் இழப்பு முழுவதையும் ஒரு நகரசபை ஈடுசெய்துவிட முடியாது. எனினும், நகரசபை தொழிலை உண்டாக்கும் ஆற்றல் அது திறந்துவைக்கும் கட்டடங்களில் மாத்திரம் அடங்கியதன்று. அது வாங்கும் முட்டையிலும் தயிரிலும், பழுதுபார்க்கும் கூரையிலும், கொடுக்கும் கூலியிலும் அவ்வாற்றல் உறைந்துள்ளது. தன் பணம் எங்கே செல்கின்றது என்று கணக்கெடுத்தல் எந்தச் சபைக்கும் எளிது. அதற்குப் பெருமுதல் வேண்டியதில்லை. உள்ளூராட்சியைப் பயிலும் மாணவரும் அதிற் பங்குகொள்ள விழையும் இளைஞரும் முதலிற் கேட்டறிய வேண்டியது அக்கணக்கையே.